உயராத வலது கை

தொண்ணூற்றாறாம் வருடம் மழைக்காலத்தில் யூனுஸின் வலது தோள் வலிக்கத் தொடங்கியது. உக்கடத்தில் மெத்தைக் கடை வைத்திருந்தவர் அவர். பஞ்சு அடித்து அடித்து எலும்பு தேய்ந்துவிட்டது என்று தானே முடிவு கட்டிக்கொண்டார். யாரோ சொல்லி எண்ணெய் தேய்த்து நீவி விடுகிறவரிடம் போனார். அவர் இழுத்த இழுப்பில் கண் இருண்டது. அதன்பின் கையை அசைக்கவே பயம். துண்டால் தூளி கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். போகப் போகக் கை நெஞ்சுக்கு மேல் எழும்பவில்லை.

மகள் ஹுமேரா துடியலூர்ப் பள்ளியொன்றில் டீச்சர். அவள்தான் பிடிவாதமாக பிசியோதெரபி பார்க்கும் ரூபனிடம் கூட்டிப்போனாள்.

"எலும்பு தேஞ்சுபோச்சுங்களா?" என்றார் யூனுஸ்.

"இல்லீங்க. தோள் மூட்டைச் சுத்தி ஒரு உறை இருக்குது. அது தடிச்சு இறுகிப்போச்சு. உங்களை மாதிரி சக்கரை இருக்கறவங்களுக்கு இது ஜாஸ்தி வரும். வலிக்குதுன்னு அசைக்காம வெச்சா இன்னும் இறுகுமுங்க."

ரூபன் சொல்லிக்கொடுத்தபடி தினமும் வீட்டில் சூடு ஒத்தடம் கொடுத்துவிட்டு, குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். சுவரில் விரல்களை நடத்தி மெல்ல மேலே ஏற்ற வேண்டும். ஹுமேரா பக்கத்தில் நின்றால் செய்வார். அவள் பள்ளிக்குப் போய்விட்டால் சுவர்ப் பக்கமே திரும்பமாட்டார்.

"செஞ்சீங்களா அத்தா?"

"செஞ்சுபோட்டேன் கண்ணு."

பொய் என்று தெரிந்தும் அவள் சிரித்துக்கொள்வாள்.

கோடை தொடங்கும்போது அவளுக்கு மஞ்சள் காமாலை கண்டது. ஈரல் கெட்டுவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

கபர்க் குழியில் இறங்கி அவளை வாங்கி வைக்க மகன் ஆஸிமும் மைத்துனர் முகமது யூசுப்பும் தயாரானார்கள். "அத்தா, நீங்க மேல இருங்க" என்றான் ஆஸிம். யூனுஸ் கேட்கவில்லை, இறங்கிவிட்டார். மேலிருந்து கபன் துணி சுற்றிய உடலை மெல்ல நீட்டினார்கள். யூனுஸின் இடது கை உயர்ந்தது. வலது கை நெஞ்சோடு நின்றுவிட்டது. பல்லைக் கடித்துத் தூக்கினார். தோள்பட்டை மட்டும் காதுவரை ஏறியது, கை வரவில்லை. யூசுப் அவரை ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தான் வாங்கிக்கொண்டார். மகளை அவரால் தொடக்கூட முடியவில்லை.

நாற்பதாம் நாள் அவளுக்காக பாத்திஹா ஓதி முடிந்ததும் தனியாகவே ரூபனிடம் போனார். சுவரில் விரல்களை வைத்தவர் நிறுத்தவேயில்லை. முகம் வியர்த்துக் கொட்டியது. ரூபன் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"இப்படி இழுத்தா தோள் கெட்டுப்போயிருமுங்க."

"போகட்டுங்க. ஏமாத்தாம செஞ்சிருந்தா அன்னிக்கு எம்புள்ளைய வாங்கியிருப்பேன்."

நடந்ததை அவர் சொல்லச் சொல்ல ரூபன் தலை குனிந்து கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீங்க ஒரு நாள் விடாம செஞ்சிருந்தாலும் அன்னிக்குத் தூக்கியிருக்க முடியாதுங்க. இது இளகறதுக்கே வருசக்கணக்கு ஆகும். உங்க தப்பு இல்லீங்க."

அதுவரை யூனுஸ் தன்னைத் திட்டிக்கொண்டே நாளை ஓட்டியிருந்தார். பிடித்துக்கொள்ள அந்தக் கோபமாவது இருந்தது. இப்போது அதுவும் போய், ஹுமேரா இல்லை என்பது மட்டும் எதிரே நின்றது. அங்கிருந்த சிகிச்சைக் கட்டிலில் உட்கார்ந்து, மகள் இறந்த பிறகு முதல் முறையாக, வாய்விட்டு அழுதார்.

அடுத்த வருடக் கடைசியில் கை தலைக்கு மேலே போனது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.