இரண்டு குழாய் ரத்தம்

மதியச் சாப்பாட்டுக்காகப் பாதி இறக்கியிருந்த ஷட்டருக்கு அடியில் குனிந்து புகுந்தவள், நேராகச் சுவரோரம் போய் மெயின் சுவிட்சைத் தட்டினாள். தடதடத்துக்கொண்டிருந்த தையல் மெஷின் பாதித் தையலில் மூச்சை நிறுத்தியது.

"எவன்டா அது கரண்டுல கை வச்சது?" கொழுந்தன் சீறிக்கொண்டு நிமிர்ந்தான்.

"எவனும் இல்ல. நான்தான். எழுந்திரு. ஆஸ்பத்திரியில கூப்பிடுறாங்க."

"டாக்ஸிக்காரன் சாயங்காலம் சீட் கவர் கேட்டிருக்கான். நீங்க போங்க அண்ணி."

"நீ வந்தாத்தான் பேசுவாங்களாம். கெடுத்தது உன் வாய். அந்த வாய் வந்துதான் சரி பண்ணணும்."

"நான் இல்லாததையா சொன்னேன்?"

அவள் மேஜைமேல் கிடந்த வேன் சாவியை எடுத்து அவன் நெஞ்சைக் குறிபார்த்து எறிந்தாள். ரெக்சின் வெட்டும் கத்தரிக்கோல் அதற்குப் பக்கத்திலேயேதான் கிடந்தது. அதை எடுக்காததற்கு அவன் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்.

கார்களுக்கு சீட் கவர் தைக்கும் கடை அது. அண்ணன், தம்பி இருவருடையதும். இருவருக்கும் ஒரே அம்மா, ஒரே அப்பா, ஒரே கிருமி. பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து ஒட்டிக்கொண்ட ஹெபடைடிஸ் பி. 'பாரபட்சமே பார்க்காம அம்மா பிரிச்சுக் கொடுத்த ஒரே சொத்து' என்று ஒரு காலத்தில் இருவரும் சேர்ந்து சிரித்ததுண்டு. இப்போது சிரிக்கும் நிலையில் யாரும் இல்லை. அண்ணனின் ஈரல் சுருங்கிக் கல்லாகிவிட்டது. வயிறு நீர் கோத்துப் பானையாகிவிட்டது. மாற்று ஈரல் கிடைத்தால் பிழைப்பான்; கிடைக்காவிட்டால் இல்லை. தம்பியோ தனி ஆளாகக் கார் சீட்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடக்கிறான். மாத்திரை கிடையாது, ஸ்கேன் கிடையாது. கேட்டால், "எனக்கு இரும்பு ஈரல்" என்பான்.

அந்த இரும்புதான் அவள் குடும்பத்தின் தலையில் விழுந்தது.

நோய் முற்றியபோது அவள் புருஷனுக்கு நாக்குக் குழறியது, நடை தள்ளாடியது. ஒருநாள் சீட் கவரை உள்பக்கம் வெளியே வரும்படி தைத்துவிட்டு அதன் மேலேயே படுத்துத் தூங்கிவிட்டான். ஈரல் வடிகட்டாமல் விட்ட நஞ்சு மூளைக்கு ஏறினால் இப்படித்தான் ஆகும் என்று டாக்டர் அம்மா பொறுமையாகச் சொன்னார். கொழுந்தன் காதில் அது ஏறவே இல்லை. அவன் கணக்கு வேறு: ஒரே கிருமி, எனக்கு ஒன்றுமில்லை, அவருக்கு மட்டும் எப்படி? பாட்டில்தான்.

மனதுக்குள் வைத்திருந்தாலும் பரவாயில்லை. வார்டுக்கே வந்து கட்டில் பக்கத்தில் நின்று கத்தினான். "திருட்டுத்தனமா குடிச்சே ஈரலைக் கரைச்சுட்டு, இப்ப இன்னொருத்தன் ஈரல் கேக்குதா உனக்கு?" நர்ஸ் காதில் விழுந்தது. அங்கிருந்து டாக்டர் அம்மா காதுக்குப் போனது. குடிப்பவருக்கு மாற்று ஈரல் கிடையாது என்பது அந்த ஆஸ்பத்திரியின் சட்டம். மாற்று ஈரலுக்குக் காத்திருப்போர் பட்டியலில் ஏறவேண்டிய பெயர் வாசலிலேயே நின்றுவிட்டது.

வெளி லேபில் இரண்டு குழாய் ரத்தம் கொடுக்கச் சொன்னார்கள். சமீபத்தில் குடித்திருந்தால் ஒன்று காட்டிக்கொடுத்துவிடும். மற்றது மரபணுப் பரிசோதனைக்கு. அவளுக்கு வேலையிடத்தில் லீவு கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் கொழுந்தனின் வேனில்தான் புருஷனை அனுப்பிவைத்தாள். சாயங்காலம் வந்தபோது கொழுந்தனின் முழங்கை மடிப்பில் நீலம் பாரித்திருந்தது. "சீட் ஃப்ரேம் இடிச்சிருச்சு" என்றான். இவன் கை உடைந்தாலும் எனக்கென்ன என்று அவள் கதவைச் சாத்தினாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வேன் சிக்னலில் நின்றது. இருவருக்கும் நடுவில் ஒரு ஸ்பாஞ்சு மூட்டை. அது மட்டும் இல்லாதிருந்தால் கைகலப்பே ஆகியிருக்கும்.

"அந்த டெஸ்ட்டுல ஒண்ணும் வராது. பயப்படாதீங்க" என்றான் அவன், ரோட்டைப் பார்த்தபடி.

"வராதுன்னு எனக்குத் தெரியும். என் புருஷன் குடிக்க மாட்டார். உனக்கு எப்படித் தெரியும்? ஊரெல்லாம் தமுக்கடிச்சவன் நீதானே?"

அவன் ஹாரனை அழுத்தினான். முன்னால் வண்டியே இல்லை.

டாக்டர் அம்மாவின் அறையில் ஏசி எலும்பைக் குடைந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, முதலில் கொழுந்தனைத்தான் பார்த்தார்.

"குடிக்கிறார்னு சொன்னது நீங்கதானே?"

"ஆமா மேடம்."

"பாத்தீங்களா? கண்ணால?"

"பாக்கல. ஆனா அவர் நடந்த நடை..."

"நடையை வச்சு நான் வைத்தியம் பண்றதில்ல. ரத்தம் சுத்தமா இருக்கு. ஒரு சொட்டுச் சாராயம்கூட இல்ல."

அவளுக்கு நாற்காலியிலிருந்து துள்ளி எழ வேண்டும்போல் இருந்தது. எழவில்லை. திரும்பிக் கொழுந்தனை ஒரு பார்வை பார்த்தாள். அதிலேயே எல்லா வசவும் இருந்தது. அவன் முகத்தில் வியப்பும் இல்லை, வெட்கமும் இல்லை. சொன்ன நேரத்துக்கு வந்த பஸ்ஸைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தான்.

"இன்னொண்ணு இருக்கு" என்றார் டாக்டர் அம்மா. "ஒரே கிருமி, ஒருத்தருக்கு மட்டும் ஏன் முத்திச்சுன்னு கேட்டீங்கள்ல? பதில் ஜீன்ல இருக்கு. ஈரல் கொழுப்பைக் கையாள ஒரு ஜீன். எல்லாருக்கும் ரெண்டு காப்பி உண்டு. அப்பாகிட்டேருந்து ஒண்ணு, அம்மாகிட்டேருந்து ஒண்ணு. இந்த ரத்தத்துல ரெண்டுமே கோளாறான காப்பி."

"அப்படின்னா?" கேட்டது கொழுந்தன்.

"அப்படின்னா ஈரல்ல தழும்பு சீக்கிரமா விழும். கிருமியும் கூடச் சேர்ந்தா, மத்தவங்களுக்கு நடையா நடக்கிறது இவங்களுக்கு ஓட்டமா ஓடலாம். எல்லாருக்கும் அப்படி ஆகணும்னு கட்டாயம் இல்ல. ஆனா வாய்ப்பு அதிகம். அதுக்குக் குடிக்கவே வேண்டியதில்ல."

"அது... அந்த ஆளுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்? வலி ஏதாவது?"

"ஈரல் சத்தம் போடாது. பாதிக்கு மேல போன அப்புறமும் ஆள் திடமா மூட்டை தூக்கிட்டு இருப்பார்."

"பாரேன், திடீர்னு அண்ணன்மேல என்ன அக்கறை!" என்றாள் அவள். டாக்டரின் அறை என்றும் பார்க்கவில்லை. "குடிகாரன்னு சொன்ன வாய், இப்ப வலிக்குமான்னு கேக்குது."

கொழுந்தன் அவள் பக்கம் திரும்பவில்லை. ஏசியில் உட்கார்ந்திருந்தவனின் கழுத்தில் வியர்வை இறங்கியது.

"நீங்க கூடப் பிறந்தவர். கிருமியும் இருக்கு. உங்களுக்கும் இந்த டெஸ்ட்டை எடுத்துடலாம்" என்றார் டாக்டர் அம்மா.

"எனக்கு வேண்டாம்!" கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

அவள் சிரித்தாள். நாள் முழுக்கக் கையளவு ஊசியை ரெக்சினில் குத்தி இழுப்பவன். உடம்பில் குத்தும் ஊசி என்றால் மட்டும் ஒன்பது தெரு தாண்டி ஓடுவான். "மேடம், இவனோடது இரும்பு ஈரல். துருப்பிடிக்காது. விடுங்க."

டாக்டர் அம்மா சிரிக்கவில்லை. "அப்ப நீங்க சொன்ன புகாரை வாபஸ் வாங்கிக்கிறீங்களா?"

"வாங்கிக்கிறேன். அண்ணன் குடிக்கல. நான்தான் புத்தி கெட்டுப் பேசிட்டேன்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"சரி. பேர் இன்னைக்கே பட்டியல்ல ஏறிடும்."

வெளியே வராந்தாவில் சக்கர நாற்காலிகள் வரிசையாக நின்றன. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வார்டுக்கு ஓடிப்போய்ப் புருஷனிடம் சொல்ல வேண்டும். அதற்குமுன் ஒரு வேலை பாக்கி இருந்தது. கொழுந்தனை மடக்கி நிறுத்தினாள்.

"இந்த வெற்றியை உன் முகத்துல ஒட்டி வச்சுட்டுப் போறேன். வாயில்லாத மனுஷனைக் குடிகாரன்னு சந்தி சிரிக்க வச்சியே, உன் ரத்தம்தானேடா அவர்?"

அவன் பக்கத்தில் நின்ற சக்கர நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்.

"நடிக்காதே. எழுந்திரு."

"அண்ணி... சத்தம் போடாதீங்க."

"போடுவேன். நீ வார்டுல போட்ட சத்தத்தைவிடப் பெருசாப் போடுவேன்."

"போட்டா பேரை அடிச்சுடுவாங்க."

நர்ஸ் ஒருத்தி மருந்துத் தட்டோடு கடந்து போகும்வரை அவன் காத்திருந்தான். பிறகு சட்டைக் கையை மெதுவாகச் சுருட்டி, முழங்கை மடிப்பை இன்னொரு கையால் பொத்திக்கொண்டான். நீலம் எப்போதோ மறைந்துவிட்டது. ஆனால் அவளுக்கு அந்த நீலம் சட்டென்று ஞாபகம் வந்தது. அன்று புருஷனின் கையில் ஒரு பஞ்சுத்துண்டுகூட இல்லாததும் கூடவே ஞாபகம் வந்தது.

"லேப் வாசல்ல அண்ணனை எழுப்பினேன். கண்ணே திறக்கல, நாக்குக் குழறிச்சு. இன்னைக்கும் குடிச்சிருக்கார்னே நினைச்சேன் அண்ணி. ரத்தம் கொடுத்தா மாட்டிக்குவார், பட்டியல்ல ஏற மாட்டார், செத்துருவார். கத்தினது நான்தானே? ஒரே ஜாடை, ஒரே ரத்த குரூப், முகத்துல மாஸ்க் வேற... அண்ணன் வேன்லதான் தூங்கிட்டிருந்தார். உள்ள போய்க் கையை நீட்டினது நான். அந்த ரெண்டு குழாயும் என் ரத்தம்."