அண்ணி போட்ட இரண்டு படங்கள்

பிள்ளை பெற்றவள் வெளியே தலை காட்டினால் பாதிப் பேர் பிள்ளையைப் பார்ப்பார்கள், மீதிப் பேர் அவள் வயிற்றைப் பார்ப்பார்கள். "இன்னொன்னு உள்ள இருக்காம்மா?" என்று என்னைக் கேட்டவர் எங்கள் பிளாட்டின் லிஃப்டில் வந்த ஒரு பெரியவர். என் மகள் அதிரா அப்போது என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். "இல்ல அங்கிள், இது என்னோடதுதான்" என்று சொல்லிவிட்டு, என் மாடிக்கு இரண்டு மாடி முன்பே இறங்கிவிட்டேன். மீதியைப் படியேறிப் போனதில் மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

கல்யாணத்துக்கு முன் ஐம்பத்தாறு கிலோ இருந்தேன். பிள்ளை பிறந்த பின் எழுபத்தாறு. பத்தியம் இருந்தது சுங்கை பாக்காப்பில், அம்மா வீட்டில். பால் ஊற வேண்டும் என்று அம்மா பூண்டையும் நல்லெண்ணெயையும் கொட்டி ஆக்கிப் போட்டார். வயிறு கட்ட வந்த மலாய்க்கார அம்மா தினமும் துணியை இறுக்கிச் சுற்றிவிட்டுப் போவார். வேர்க்குரு பொறுக்காமல், அவர் கேட்டைத் தாண்டுவதற்குள் நான் அவிழ்த்துவிடுவேன். ஆகவே பழி முழுவதையும் அம்மா மேல் போட முடியாது.

பினாங்குக்குத் திரும்பி வேலைக்குப் போக ஆரம்பித்ததும் இளைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். என் முடிவுகள் எல்லாம் திங்கட்கிழமை தொடங்கும். புதன்கிழமை அதிராவுக்குச் சளி பிடிக்கும். வியாழக்கிழமை வேலையிடத்தில் யாராவது பிறந்தநாள் கேக் வெட்டுவார்கள். வெள்ளிக்கிழமை வந்தால், சரி, அடுத்த திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடும். பால் கொடுக்கிறவளுக்கு எவ்வளவு பசிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆயர் ஈத்தாமில் இரண்டு ரொட்டி சானாய் தின்றுவிட்டு பஸ் ஏறினால், கொம்தாரில் இறங்கும்போது மறுபடியும் பசிக்கும்.

ஒருமுறை மட்டும் இரண்டு வாரம் விடாமல் சாயங்காலம் நடந்தேன். பிறகு தராசில் ஏறிப் பார்த்தால் முன்பு இருந்த அதே எடை. வந்த கோபத்தில் அன்று மத்தியானம் நாசி கண்டார் சோறு வாங்கி, குழம்பு வழிய வழியச் சாப்பிட்டேன். அது ருசியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சூலியா தெருவுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் எனக்கு வேலை. வருகிறவர்களின் பெயரைப் பதிந்து, டாக்டரிடம் அனுப்பி, கடைசியில் மருந்தைக் கொடுத்து அனுப்ப வேண்டும். என் கணவர் குகன் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை செய்கிறார். அவர் கடல் பாலம் தாண்டிப் போய்த் திரும்பினால் தூங்குவதற்குத்தான் நேரம் இருக்கும். பகலில் அதிராவைப் பார்த்துக்கொள்வது அவருடைய அக்கா ஜெகதீஸ்வரி. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். பக்கத்து பிளாட்டில்தான் இருக்கிறார். "எந் தம்பி பிள்ளைய பாத்துக்கக் காசு வாங்குவேனா?" என்று ஒரு வெள்ளிகூட வாங்க மாட்டார். பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் அவர்தான். அண்ணி இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கு இதுதான் காரணம்.

அண்ணி உடல் இளைக்கும் டீ விற்கிறார். அவர் கணவர் தயாளன் அண்ணனுக்கு முதுகு போய் வேலை நின்றதிலிருந்து அந்த டீயில்தான் அவர்கள் குடும்பம் ஓடுகிறது. தினமும் சாயங்காலம் போனை நிறுத்திவைத்து நேரலையில் பேசுவார். "இடுப்பு இருக்கா இல்லையான்னு தேடுற பொம்பளைங்க எல்லாம் வாங்க லா!" என்று ஆரம்பித்தால் எனக்கே சிரிப்பு வரும். எனக்கும் ஒரு பெட்டி சும்மா கொடுத்தார். இரண்டு நாள் குடித்தேன். அந்த இரண்டு நாளும் கிளினிக்கில் நான் இருந்தது கழிவறையில்தான். "வயிறு ஒத்துக்கல அண்ணி" என்றேன். "அழுக்கு வெளியாவுது, நல்லதுதானே" என்றார். அதற்கு மேல் நான் வாதாடவில்லை, பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன்.

அதிராவுக்கு ஐந்தாவது மாதம் நடக்கும்போது, என்னோடு வேலை செய்யும் காமாரியா போனை நீட்டினாள்.

"சுபா, இது நீதானே?"

நான்தான். இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் நைட்டி போட்டுக்கொண்டு, தலை கலைந்து, சோபாவில் உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளை பிறந்த இரண்டாம் மாதம், "சும்மா ஞாபகத்துக்கு" என்று அண்ணி எடுத்தது. இன்னொன்றில் மஞ்சள் சுடிதாரில், காற்றில் துப்பட்டா பறக்க, பாடாங் கோத்தா கடற்கரையில் நிற்கிறேன். அது கல்யாணத்துக்கு முந்திய வருடம் குகன் எடுத்தது. மேலே, "என் தம்பி மனைவி! மூன்றே மாதத்தில் இருபது கிலோ!" என்று அண்ணி எழுதியிருந்தார்.

காமாரியா படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு மருந்து எடுக்கப் போய்விட்டாள்.

எனக்குக் கோபம் வந்ததா என்றால் வந்தது, ஆனால் முதலில் வந்தது கோபம் இல்லை. முதலில் சந்தோஷம்தான் வந்தது. முன்பின் தெரியாத எத்தனையோ பெண்கள் அதன் கீழே "அழகு", "எப்படிக்கா?" என்று எழுதியிருந்தார்கள். பஸ்ஸில் போகும்போது ஒவ்வொன்றாகப் படித்தேன். வீடு வந்து சேர்வதற்குள் கோபமும் வந்து சேர்ந்தது.

"அண்ணி, அது பழைய படம். எடுத்துடுங்க."

"நீதான் நடக்கிற இல்ல? இன்னும் ரெண்டு மூணு மாசத்துல அந்த மாதிரி ஆயிடுவ. அப்புறம் பொய்யாவா இருக்கும்? ஆயிடுவ தானே?"

மடியில் அதிரா அவர் சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அண்ணியும் குனிந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஆயிடுவேன் அண்ணி" என்றேன்.

அதற்குப் பிறகு நான் நடந்தது எனக்காக இல்லை. அண்ணியின் பொய்யை உண்மையாக்குவதற்காக நடந்தேன். விடிவதற்குள் எழுந்து, போனில் அந்த மஞ்சள் சுடிதாரை ஒருமுறை பார்த்துக்கொண்டு கீழே இறங்குவேன். சோற்றைப் பாதியாக்கினேன். எரிச்சல் இரண்டு மடங்கு ஆனது. குகன் எதைக் கேட்டாலும் கடித்துக் குதறினேன். எடை எழுபத்து நான்கு வரை இறங்கி, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. படத்தில் இருந்தவள் மட்டும் தினமும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது, அவள் நானாக இருந்தும்.

அதிராவுக்கு ஆறு மாதம் ஆனபோது கிளினிக்குக்கு ஷஹீரா வந்தாள். சூலியா தெருவில் காசு மாற்றும் கடைக்காரர் வீட்டு மருமகள், சின்னப் பெண். கையில் ஆண் குழந்தை. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று இரண்டு வாரத்தில் அவள் வருவது மூன்றாவது முறை. முந்திய இரண்டு முறையும் நான் லீவு, காமாரியாதான் பதிந்திருந்தாள். பெயரைச் சொல்ல வந்தவள் என் முகத்தையே பார்த்தாள். எங்கள் கவுண்டர் உயரம் அதிகம். உட்கார்ந்திருந்தால் முகம் மட்டும்தான் வெளியே தெரியும்.

"அக்கா, நீங்க அந்த டீ அக்காதானே?"

நான் பதிவுப் புத்தகத்தைப் புரட்டினேன்.

"ஒங்க போட்டோவப் பாத்துதான் நான் வாங்கினேன். மூணு வாரமா குடிக்கிறேன். நாலு கிலோ போயிடுச்சுக்கா! என் மாமியே ஆச்சரியப்பட்டாங்க." அவள் முகம் மலர்ந்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயும் இருந்தது.

"டாக்டர்கிட்ட டீ குடிக்கிறத சொன்னீங்களா?"

"எதுக்கு? மருந்து ஏதும் சாப்பிடுறியான்னுதான் கேட்டாங்க. இது டீ தானே." பிறகு குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, கவுண்டர் மேல் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அக்கா, நீங்களும் பால் குடுத்துக்கிட்டேதானே குடிச்சீங்க? ஒங்க பாப்பாவுக்கும் இப்படிப் போச்சா? அப்புறம் தானா சரியாயிடுச்சா?"

என் பிள்ளை நன்றாக இருக்கிறது என்ற தைரியத்தில் தன் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது என்று அவள் இருந்திருக்கிறாள். குழந்தை அழக்கூட இல்லை. அவள் தோளில் துவண்டு கிடந்தது. அண்ணியின் முகம் ஞாபகம் வந்தது. நாளைக்கு அதிராவை யாரிடம் விடுவது என்ற கவலையும் அதோடு சேர்ந்து வந்தது. ஒரு நிமிஷம் நான் அந்தக் கவலையைத்தான் பெரிதாக நினைத்தேன், மறைப்பானேன்.

பிறகு எழுந்தேன். கதவைத் திறந்துகொண்டு கவுண்டருக்கு வெளியே வந்து அவள் முன்னால் நின்றேன்.

"என்னைப் பாரும்மா. நல்லாப் பாரு. நான் எடை எறங்கவே இல்ல. அந்த மஞ்சள் சுடிதார் கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்தது. டீய ரெண்டே நாள்தான் குடிச்சேன், முடியல, நிறுத்திட்டேன். எம் பிள்ளைக்கு ஒன்னும் ஆகலன்னா, நான் குடிக்கலங்கிறதாலதான் இருக்கும்."

அவள் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். அப்படிப் பார்க்கிறவர்களை நான் ஆறு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். அன்று அவள் பார்த்து முடிக்கும் வரை அசையாமல் நின்றேன்.

"பொய்யா?" என்றாள்.

"பொய்தான். உள்ள போய் டாக்டர்கிட்ட டீயப் பத்தி சொல்லு. நானும் கூட வரேன்."

உள்ளே போனோம். டாக்டர் டீயால்தான் என்று அடித்துச் சொல்லவில்லை. ஆனால் டீயின் பெயரைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதில் பேதிக்குப் போகிற இலை இருக்கும், இன்றோடு நிறுத்து, பால் மட்டும் விடாமல் கொடு, இரண்டு நாளில் குழந்தையைத் திரும்பக் காட்டு என்றார். ஷஹீரா எனக்கு நன்றி சொல்லவில்லை. உப்புக் கரைசல் பொட்டலங்களை என் கையிலிருந்து வாங்கும்போது என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் பொட்டலத்தை முகத்தில் எறிந்திருப்பேன்.

சாயங்காலம் அண்ணி வீட்டுக்குப் போனபோது அவர் நேரலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். பொட்டு வைத்து, பட்டுச் சேலை கட்டி, அதிராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயமாக இருந்தது.

அண்ணிக்கு முகம் சிவந்துவிட்டது.

"கிளினிக்ல நின்னுக்கிட்டு எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு வந்திருக்கியா? எத்தனை பேரு குடிக்கிறாங்க தெரியுமா? யாரும் ஒன்னும் சொல்லல."

"எல்லாரும் என் போட்டோவப் பாத்து நம்பித்தான் சும்மா இருக்காங்க அண்ணி."

"ஒன்னை நம்பித்தானே படத்த எடுக்காம விட்டேன்! ஆயிடுவேன்னு நீ சொன்னியா இல்லையா? வாய அடக்கத் தெரியல, ஒழுங்கா நடக்கத் தெரியல, எதையும் நாலு நாளைக்கு மேல செய்யத் தெரியல. நீ மட்டும் எறங்கியிருந்தா இன்னிக்கி ஒரு பிரச்சினையும் இல்ல!"

சுருக்கென்று இருந்தது. அதைவிட மோசம், என் மனதில் பாதி அவர் சொன்னதை ஒத்துக்கொண்டது. ஆறு மாதமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நானே என்னைத் திட்டிய வார்த்தைகள்தான் அவை. ஆனால் காலையில் ஷஹீராவின் தோளில் துவண்டு கிடந்த குழந்தை கண் முன்னால் வந்தது.

"ஆமா அண்ணி. நான் எறங்கியிருந்தா அந்தப் பொண்ணு என்னைப் பாத்து நம்பியிருப்பா. டீய நிறுத்தியிருக்க மாட்டா. அந்தப் பிள்ளைக்கு இன்னும் போயிக்கிட்டுத்தான் இருந்திருக்கும்."

போன் ஒளிர்ந்தது. இன்னும் நேரலை ஆரம்பிக்கவில்லையா என்று யாரோ கேட்டிருந்தார்கள். அண்ணி அதைப் பார்க்கவில்லை.

"எத்தன மாசப் பிள்ள?" என்று கேட்டார்.

"நாலு."

அதிரா அவர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். வழக்கமாக உடனே பிடுங்குவார். இப்போது விட்டுவிட்டார். ஒரு கையால் போனை எடுத்து, என் படங்கள் இரண்டையும் தேடி, ஒவ்வொன்றாக அழித்தார். பிறகு சுவரோரம் அடுக்கியிருந்த டீப் பெட்டிகளைப் பார்த்தார்.

"இத்தனையும் இருக்கே, என்ன பண்றது சுபா?"

"தெரியல அண்ணி."

உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை. அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருந்தது, பாவமாகவும் இருந்தது. பிள்ளையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். அண்ணி கொடுக்கவில்லை. அதிராவின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "இரு, கொஞ்ச நேரம் எங்கிட்ட இருக்கட்டும்" என்றார். நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.