புழங்கத் தகுந்த தண்ணீர்

காலையில் வந்து உட்கார்ந்து, முகம் துடைத்த கைக்குட்டையை இன்னும் மடித்துக்கூட வைக்கவில்லை; அதற்குள் ஒரு பொத்தானை அழுத்தி நாலு தெருவின் அடுப்பை அணைத்துவிட்டார் கார்பன்.

கார்பன் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. குழாய்களுக்கு முலாம் பூசும் அந்த ஆலையில், கழிவுநீர் அறிக்கையை மூன்று பிரதி எழுதி அரசாங்கத்துக்கு அனுப்புவதுதான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவருடைய வேலை. நடுவில் கார்பன் தாள் வைத்து அழுத்தி எழுதி எழுதி, விரல் நுனியில் ஒரு நீலம் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. கல்யாண போட்டோவில்கூட அது தெரியும். எழுதி அனுப்பிய தாள் அங்கே போய் என்ன ஆகும் என்று அவரும் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. ஏதோ ஒரு மேசையில், ஏதோ ஒரு மின்விசிறிக்குக் கீழே, மேலே ஒரு கல்லைத் தாங்கிக்கொண்டு அது நிம்மதியாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்.

போன வருஷம் விதி மாறியது. இனி காகிதம் கிடையாது, எல்லாம் கணினியில். வேலைப் பளுவைக் குறைக்கிறோம் என்று சுற்றறிக்கையே வந்தது. நாளுக்கு மூன்று வேளை எடுத்த தண்ணீர் மாதிரியை ஒரு வேளை எடுத்தால் போதும். அதைப் படித்துவிட்டு மேனேஜர் தொடையில் தட்டிச் சிரித்தார். "எந்த வேளைன்னு போடல பாத்தீங்களா? அது நம்ம இஷ்டம்!" கார்பனும் சிரித்தார். மேனேஜர் சிரித்தால் சிரிப்பது அவருக்குச் சம்பளத்தில் சேர்ந்தது.

அதே விதியில் இன்னும் இரண்டு சங்கதி இருந்தது. ஒன்று, இனி கையெழுத்து மேனேஜருடையது அல்ல. அறிக்கையை யார் ஏற்றுகிறாரோ அவருடையது. போனுக்கு ஆறு இலக்க எண் வரும், அதை அடித்தால் 'நானறிந்தவரை இது உண்மை' என்று சத்தியம் செய்ததாகக் கணக்கு. இன்னொன்று, அளவு வரம்பைத் தாண்டினால் ஓடைக்கரையில் குடியிருப்பவர்களுக்குத் தானாகவே குறுஞ்செய்தி போய்விடும். அதற்கு நம்பர் சேகரிக்க வீடு வீடாகப் போனதும் கார்பன்தான். "சும்மா குடுத்து வைங்க, கல்யாணப் பத்திரிகைகூட வராது" என்று தன் தெருவிலேயே உத்தரவாதம் கொடுத்திருந்தார்.

இன்று காலை அவர் செய்தது இவ்வளவுதான். லேப் மேடம் கொடுத்த சீட்டில் குரோமியம் அறுபது மைக்ரோகிராம் என்று இருந்தது. வரம்பு நூறு. கணினியில் அறுபது என்று அடித்தார். பக்கத்தில் மைக்ரோவா மில்லியா என்று தேர்ந்தெடுக்கும் பெட்டி ஒன்று உண்டு; அது வாரக் கடைசியில் யாரோ புதுப்பித்ததில் மில்லிக்கு மாறியிருந்தது. கார்பன் அப்போது பக்கத்து மேசை கணக்காளருக்கு ஒரு ஜோக் சொல்லிக்கொண்டிருந்தார். 'உறுதியாகத்தானா?' என்று கணினி கேட்டது. "என் மாமியாரே பொண்ணு குடுக்கும்போது இத்தனை தடவை கேக்கல" என்று சொல்லி, ஆறு இலக்கத்தையும் அடித்து, அழுத்தினார். ஆயிரம் மடங்கு விஷம் ஓடையில் கலந்தது, காகிதமில்லாமல்.

கணக்காளர் சிரித்து முடிப்பதற்குள் கார்பனின் போன் அதிர்ந்தது. 'வீடு' என்று வந்தது.

"ஏங்க, உங்க ஆலை தானே? மெசேஜ் வந்திருக்கு. கிணறு, போர் தண்ணி எதையும் புழங்க வேண்டாமாம். தெருவே வாசல்ல நிக்குது."

"அது ஒண்ணுமில்ல, கை தவறி..."

"பேத்தியக் குளிப்பாட்ட வெச்ச தண்ணியக் கொட்டிட்டேன். தொட்டியையும் தொறந்து விட்டாச்சு. கொழந்த ஒடம்பெல்லாம் எண்ணெயோட ஒக்காந்திருக்கு. புழங்கலாமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க."

"எண்ணெயோட இருந்தா நல்லதுதான், யார் தூக்கினாலும் வழுக்கி ஓடிரும்."

"ஜோக்கு அப்புறம்." வைத்துவிட்டாள்.

உட்கார முடியவில்லை. எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். குடிக்காமல் திரும்பி வந்தார். நாற்காலியை இழுத்தார், தள்ளினார். போன் அடங்கவே இல்லை. எதிர்வீட்டுக்காரர், மளிகைக்கடைக்காரர், தெருமுனையில் துணி தேய்ப்பவர். இத்தனை பேர் தன் நம்பரை வைத்திருக்கிறார்கள் என்பதே அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறைச் சுவர் முழுக்கக் குழாய்கள். ஆலையில் செய்த ஒவ்வொரு ரகத்திலும் ஒன்று, பலகையில் பொருத்தி வரிசையாக. எல்லாம் கண்ணாடி மாதிரி பளபளத்தன. ஒன்றிலும் தண்ணீர் வராது. ஒவ்வொன்றிலும் கார்பனின் முகம் சப்பையாகவும் நீளமாகவும் தெரிந்தது.

"பெரிய மனுஷன்னு ஒங்ககிட்ட விட்டா, ஊரையே எழுப்பி விட்டுட்டீங்களே!"

"மில்லின்னு இருந்தத கவனிக்கல சார்."

"சரி விடுங்க. திருத்தம்னு ஒரு எடம் இருக்காமே? சாயங்காலத்துக்குள்ள போட்டுட்டா தீந்துது. விட்டா நாளைக்கு கவர்மெண்ட் ஆளுங்களே வந்து தண்ணி எடுப்பாங்க, அவங்க இஷ்டப்பட்ட நேரத்துக்கு. புரியுதா?"

"புரியுது சார்."

"அப்ப ஏன் நிக்கிறீங்க?"

அது கார்பனுக்கும் தெரியவில்லை. திரும்பி வந்து திருத்தப் பக்கத்தைத் திறந்தார். மில்லியை மைக்ரோவாக மாற்ற ஒரு நொடிகூட ஆகவில்லை. கீழே சின்ன எழுத்தில், இதை உறுதி செய்தால் அனைவருக்கும் போகும் செய்தி இருந்தது: 'முந்தைய எச்சரிக்கை தவறு. தண்ணீர் புழங்கத் தகுந்தது.'

அந்த வரியில் வந்து கை நின்றது. அறுபது மைக்ரோ என்பது வேறு, இது வேறு மாதிரி அல்லவா இருக்கிறது! இத்தனை வருஷமாக எத்தனையோ எண்களை மூன்று பிரதி எழுதியிருக்கிறார். ஒரு எண்ணும் இப்படி வாய் திறந்து பேசியதில்லை. இதை அழுத்தினால் இது வீட்டுக்குப் போகும். மனைவி படிப்பாள். தொட்டியை நிரப்புவாள். பாப்பாவைக் காலில் போட்டுக்கொண்டு மொண்டு ஊற்றுவாள். குழந்தை வாயைத் திறந்து சிரிக்கும். தண்ணீர் ஊற்றும்போது வாயைத் திறக்கக்கூடாது என்பது அதற்கு இன்னும் தெரியாது.

ஆறு இலக்கம் வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார். காலாவதியாகிவிட்டது. மறுபடி கேட்டார், மறுபடி வந்தது, மறுபடி செத்தது. எழுந்து லேப்புக்கு நடந்தார்.

லேப் மேடம் அவருக்கு அடுத்த தெருக்காரி. கெட்டிக்காரி, வாய் குறைவு. ஆலையில் கார்பனின் ஜோக்குக்குச் சிரிக்காத ஒரே ஆள். அதனாலேயே அவளிடம் அவருக்குக் கொஞ்சம் பயம் கலந்த மரியாதை.

"மேடம், அந்த அறுபது சரிதானே?"

"சரிதான் சார். ரெண்டு தடவ பாத்தேன்."

"அப்ப தண்ணி நல்ல தண்ணிதானே?"

"சீட்டுல இருக்கறதுதான் சார் நான் குடுத்தது."

"சீட்டக் கேக்கல, தண்ணியக் கேக்கறேன்."

"நீங்க கொண்டு வந்து குடுக்கற தண்ணிய நான் பாக்கறேன். அதுக்கு மேல நான் என்ன சொல்ல முடியும்?"

"நானா குடுத்தேன்? எப்ப எடுத்த தண்ணி அது?"

"விதிப்படி எடுத்தது." குடுவையைத் துடைக்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே துடைத்த குடுவை.

கார்பன் திரும்பி நடந்தார். படிக்கட்டு வரை போனார். முலாம் தொட்டிகளின் பக்கமிருந்து இரைச்சல் வந்துகொண்டிருந்தது, ஷிஃப்ட் மும்முரம். இப்போது வெளியே போகிற தண்ணீர் எப்படி இருக்கும்? காலையில் வேலை தொடங்கும் முன், இரவெல்லாம் அசையாமல் கிடந்து தெளிந்த தொட்டியிலிருந்து மேலாக ஒரு குடுவை மொண்டால் அது எப்படி இருக்கும்? மேனேஜர் தொடையில் தட்டிச் சிரித்தது இப்போதுதான் முழுசாகக் காதில் விழுந்தது. கூடவே தான் சிரித்ததும்.

போன் அதிர்ந்தது. எடுத்தார்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"கேட்டுட்டுதான் இருக்கேன்."

"இத்தன வருஷம் அங்கயே இருக்கீங்க, ஒங்களுக்குத் தெரியாதா?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பின்னால் பாப்பா எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது. கார்பனுக்கு முதல் தடவையாக ஜோக் எதுவும் தோன்றவில்லை. "கேட்டுட்டுச் சொல்றேன்" என்று வைத்தார்.

அப்போது அந்தக் கேன்கள் ஞாபகம் வந்தன. சில மாதங்களாகவே லேப் மேடம் வீட்டு வாசலில் தண்ணீர் கேன் வண்டி நிற்கும். குடிக்க ஒன்றிரண்டு எல்லோரும்தான் வாங்குகிறார்கள். அவள் வீட்டில் வரிசையாக இறங்கும். "என்ன மேடம், கேன்லயே குளிக்கறீங்களா, மகாராணி மாதிரி?" என்று சைக்கிளை நிறுத்தி ஒரு நாள் கேட்டார். அவள் சிரிக்கவில்லை. அவள் எதற்குத்தான் சிரித்தாள் என்று அவரும் போய்விட்டார்.

மறுபடி லேப்புக்குள் போனார். அவள் நிமிரவில்லை.

"சார், எனக்கு இந்த வேல வேணும்."

"எனக்கும் வேணும். ரிட்டையர் ஆகி வீட்ல இருந்தா என் ஜோக்கைக் கேக்க ஆளில்ல." குரல் அவருக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "நம்பர் கேக்கல. விதி கேக்கல. சீட்டு எழுதிக் குடுக்க வேண்டாம். எங்க வீட்ல ஒரு கொழந்த எண்ணெயோட ஒக்காந்திருக்கு. பக்கத்துத் தெருக்காரனா கேக்கறேன். ஒங்க வீட்டுக் கொழந்தையா இருந்தா அந்தத் தண்ணியில குளிப்பாட்டுவீங்களா?"

கையில் இருந்த போனில் புதிய ஆறு இலக்கம் வந்து நின்றது. எப்போது கேட்டோம் என்று அவருக்கு ஞாபகமில்லை. மேலேயிருந்து மேனேஜர்தான் யாரையாவது விட்டு அழுத்தச் சொல்லியிருக்க வேண்டும். அதன் ஆயுள் குறைந்துகொண்டே வந்தது.

லேப் மேடம் குடுவையை மேசையில் வைத்தாள். கைகளைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். அவரை நேராகப் பார்த்தாள்.

"மாட்டேன் சார்."

ஜன்னலுக்கு வெளியே முலாம் பூசிய புதுக் குழாய்களைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். உத்தரத்தில் வெளிச்சம் ஓடி மறைந்தது. கார்பனின் நீல விரலுக்கு அடியில் போன் மறுபடி அதிர்ந்தது. 'வீடு' என்று எழுந்து வந்து, அந்த ஆறு இலக்கத்தை மறைத்து நின்றது.