செவ்வாய்க்கிழமை யார் பாடு

ராஜாத்தி அக்கா பேப்பரைச் சுருட்டி என் முகத்திலேயே அடித்தாள். ஆஸ்பத்திரி சவக்கிடங்கு வாசலில், போலீஸ், சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும். வலிக்கவில்லை. ஆனால் கோபம் வந்துவிட்டது. எனக்கு அது சீக்கிரம் வரும். நான் வளர்ந்த வியாசர்பாடியில் என்னை அடித்துவிட்டுச் சும்மா போனவர் யாரும் இல்லை.

"இன்னாக்கா, கை நீளுது?" என்றேன்.

"நீதான கார்குழலி? பேரு போட்டுகீதே. இத்த நீதான எழுதின?"

நான்தான். எழுதினேன் என்பதே அதிகம். எங்கள் மாலைப் பத்திரிகையில் நாலு வரிச் செய்திக்கும் நிருபர் பெயர் போடுவார்கள். நேற்று இன்ஸ்பெக்டர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அப்படியே அடித்துக் கொடுத்தேன். 'எண்ணூர் வடக்குக் குப்பத்தைச் சேர்ந்த தவசிமுத்து, செவ்வாய்க்கிழமை காலை குடிபோதையில் முகத்துவாரத்தில் வலை வீசியபோது தவறி விழுந்து இறந்தார்.' ஒரு போன்கூடப் போட்டு யாரையும் கேட்கவில்லை.

"குடிப்பாருதான், நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றாள் ராஜாத்தி அக்கா. குரல் கிழிந்துபோயிருந்தது. "ஆனா செவ்வாக்கெழம தெக்குக் குப்பத்துப் பாடு. அடுத்தவன் பாடுல எறங்குனான்னு எழுதிட்டியே! எம் புருசன் இன்னா திருடனா?"

அவள் சொல்லச் சொல்லத்தான் எனக்குப் புரிந்தது. முகத்துவாரத்தில் யாரும் நினைத்தபோது வலை போட முடியாது. இந்தக் கிழமை வடக்குக் குப்பம், இந்தக் கிழமை தெற்குக் குப்பம் என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். அடுத்த குப்பத்தின் நாளில் இறங்கினால் வலையைப் பிடுங்கிக் கோயில் முன்னால் போட்டு ஊரைக் கூட்டிவிடுவார்கள். அப்புறம் அந்த வீட்டில் பெண் எடுக்கக்கூட யோசிப்பார்கள். எவ்வளவு போதையிலும் அங்கே பிறந்தவனுக்குக் கிழமை மறக்காது.

அப்படியானால், பிணத்தின் பக்கத்தில் வலை கிடந்தது என்று போலீஸ் சொல்கிறதே, அதைக் கொண்டுவந்து போட்டவன் குப்பத்துக்காரன் இல்லை. 

மிச்சத்தையும் அக்காவே சொன்னாள். கவுன்சிலர் வல்லரசு கன்டெய்னர் யார்டு கட்டுவதற்காக ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பலைக் கொட்டி மேடாக்குகிறார். லாரிகள் கொட்டுவதைத் தவசிமுத்து போனில் படம் எடுத்திருந்தார். திங்கட்கிழமை மத்தியானம் கவுன்சிலர் ஆட்கள் வந்து, "பேசணும், வா" என்று காரில் கூட்டிப் போனார்கள். அவர் திரும்பவில்லை. போனும் கிடைக்கவில்லை.

"சாயங்காலத்துக்குள்ள கையெழுத்து போட்டு பாடிய வாங்கி எரிச்சுடுன்னு இன்ஸ்பெக்டரு உயிர எடுக்கறாரு."

எரித்துவிட்டால் எல்லாம் முடிந்தது. ஒரு போஸ்ட்மார்ட்டம் அவசரமாக முடிந்திருந்தது; மறுபடி பரிசோதனை கேட்க அப்புறம் உடம்பு இருக்காது.

பத்திரிகை ஆசிரியர் நசீர் சாருக்குப் போன் போட்டேன். "உன் கோபமும் அந்தம்மா அழுகையும் செய்தி ஆகாது" என்றார். "பாடு தெற்குக் குப்பத்தோடது. அவங்க வாயால வரட்டும்."

"அக்கா, நான் வர்ற வரைக்கும் கையெழுத்து மட்டும் போடாத."

"வருவியா?"

"வருவேன்."

அவள் என்னை நம்பியதாகத் தெரியவில்லை. நான் செய்த வேலைக்கு அது நியாயம்தான்.

டோல்கேட் தாண்டி எண்ணூர் வரை லாரிக்கும் லாரிக்கும் நடுவே ஸ்கூட்டியை நுழைத்து ஓட்டினேன். தெற்குக் குப்பத்துக் கரையில் ஊர்த் தலைவர் அப்பாவு, நாலைந்து பேரோடு வலை பிரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் எல்லோர் தலையும் வலைக்குள் குனிந்துகொண்டது.

"நமக்கு இன்னாத்துக்குமா பேஜாரு?" என்றார் அப்பாவு. "இன்ஸ்பெக்டர் வந்துட்டு போனாரு. தவசி வந்து வலை போட்டான், நாங்க பாத்தோம்னு எழுதிக் குடுக்க சொன்னாரு. கவுன்சிலரு மீன் ஏலக்கூடம் கட்டித் தர்றேன்னு கீறாரு. சாயங்காலம் குட்துடுவோம்."

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. கத்தியிருப்பேன். எப்படியோ அடக்கிக்கொண்டு கேட்டேன்.

"சரி நைனா, பாத்தீங்க. வலைய புடுங்கி கோயிலாண்ட போட்டீங்களா?"

அப்பாவு இன்னொரு சிக்கலைப் பிரித்தார்.

"ஊர கூட்னீங்களா? வடக்குக் குப்பத்துக்குச் சொல்லி அனுப்புனீங்களா? உங்க பாடுல ஒருத்தன் எறங்கறான், மொத்த ஊரும் கரையில குந்திகினு வேடிக்க பாத்துச்சா?"

"ஏய், வார்த்தைய அளந்து பேசு!" டில்லிபாபு என்கிற ஒருவன் எழுந்தே விட்டான்.

"நான் எங்க பேசறேன்? நீங்க எழுதிக் குடுக்கப்போறதத்தான் சொல்றேன். நாளைக்கு வடக்குக் குப்பத்தான் உங்க நாள்ல எறங்குவான். ஏன்டான்னு கேட்டா, 'அன்னிக்கு தவசி எறங்குனப்ப கம்முனுதான இருந்தீங்க, கையெழுத்து வேற போட்டீங்க'ம்பான். இன்னா பதில் சொல்வீங்க?"

டில்லிபாபு அப்பாவுவைப் பார்த்தான். அப்பாவு கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். 

"செவ்வாக்கெழம காலைல பதினாலு பேரு தண்ணில இருந்தோம்" என்றார். "அவன் வர்ல. அந்தாண்ட கரையில கெடந்தான். பக்கத்துல வலை கெடந்துச்சு. தொட்டுப் பாத்தேன், காஞ்சி போயிருந்துச்சு. தண்ணியே படாத வலை."

நான் போனை எடுத்தேன். அவர் கையால் தடுத்தார். "இங்க வாணாம். அவனுங்க மூஞ்சிக்கு நேரா சொல்றேன். டில்லி, அன்னிக்கு தண்ணில இருந்தவனுங்கள எல்லாம் கூப்டு, குட்டியானைய எடு."

பதினாலு பேரும் அந்தச் சின்ன வண்டியில் ஏறிக்கொண்டார்கள். நான் முன்னால் போனேன். நசீர் சாரிடம் நேரலை போடட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினார். பிறகு, "போடு. வர்றது வரட்டும்" என்றார். மனிதரை அன்றைக்குத்தான் எனக்குப் பிடித்தது.

சவக்கிடங்கு வாசலில் ஆள் உயர மாலையோடு வல்லரசு நின்றிருந்தார். இன்ஸ்பெக்டர் ராஜாத்தி அக்காவின் கையில் தாளையும் பேனாவையும் திணித்துக்கொண்டிருந்தார். நான் போனைத் தூக்கிப் பிடித்தேன்.

அப்பாவு நேராக இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றார். பாடு யாருடையது, தண்ணீரில் யார் இருந்தார்கள், வலை எப்படிக் கிடந்தது என்று ஒன்று விடாமல் சொன்னார். கடைசியாக, "தவசிமுத்து எங்க பாடுல எறங்கல. எறங்குனான்னு சொல்றவன் பொய் சொல்றான்" என்றார். பின்னால் நின்ற பதிமூன்று பேரும் "ஆமா" என்றார்கள்.

"ஏலக்கூடம் வேணாமா அப்பாவு?" வல்லரசு சிரித்தபடியே கேட்டார்.

"வெயில்லயே வித்துக்கறோம். நீ மாலைய எடுத்துகினு கெளம்பு."

இன்ஸ்பெக்டர் என்னிடம் பாய்ந்தார். "போனை அணைம்மா!"

"ஆறாயிரம் பேர் பாத்துகினு கீறாங்க சார். நீங்களும் ஒரு வார்த்த சொல்லுங்க."

அவர் ராஜாத்தி அக்காவின் பக்கம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டார். "பாரும்மா, மறுபடி போஸ்ட்மார்ட்டம்னா உன் வீட்டுக்காரரைத் திரும்ப அறுப்பாங்க. பொண்டாட்டியா இருந்துகிட்டு அதைக் கேட்பியா?"

  அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டேயிருந்தது, அவள் துடைக்கவில்லை. அந்தத் தாளை நாலாகக் கிழித்தாள்.

"அறுங்க" என்றாள். "அவரு தாங்குவாரு. நானும் தாங்குவேன். உள்ள இருந்து வர்றத நீங்க தாங்குவீங்களான்னு பாப்போம்."