சீட்டில் விழுந்த கனடா

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, யாழ்ப்பாணத்துக் குருநகரில் போரால் கடலுக்குப் போகத் தடை. மீன் வரவில்லை, ஆனால் என் தம்பி சிமியோனின் மகள் பெர்னடெட்டுக்கு ஒரே கப்பலில் இரண்டு பல்கலைக்கழகக் கடிதங்கள் வந்தன. இங்கிலாந்தும் கனடாவும் அவளைக் கல்வி மெய்யியலில் முதுமாணி படிக்க உதவிப்பணத்தோடு கூப்பிட்டிருந்தன. ஐந்து மாதம் பயணம் செய்த கடிதங்கள். கனடா முத்திரையிலிருந்த வாத்து வழியில் குஞ்சு பொரித்து, மூன்று குஞ்சுகளோடு வந்து இறங்கியது.

முப்பது வயதுக்கு மேல் உதவிப்பணம் இல்லை. அவளுக்கு இருபத்தொன்பதரை. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போக எடுக்கும் பாஸ் படிவத்திலோ ஒரே ஒரு இடம்தான் எழுதலாம்.

"இங்கிலாந்திலை, படிப்பு எதுக்கெண்டு கேக்கினம். கனடாவிலை, ஒராள் இன்னொராளுக்குப் படிப்பிக்க ஏலுமோ எண்டே கேக்கினம். எதை விடுறது, பெரியப்பு?"

"உதுக்கு ஏன் பிள்ளை கப்பல்?" என்றான் சிமியோன். "நான் உன்ரை கொம்மாவுக்கு கிழிஞ்ச வலை பொத்தப் பழக்கின கதையைக் கேள்."

மூன்று கிழமை அவளால் முடிவெடுக்க ஏலவில்லை. தொழில் இல்லாத கரை முழுக்க மெய்யியல் கதைத்தது. நண்டுகள்கூட யோசனையில் நேராக நடந்தன.

கடைசியில், யார் எங்கே வலை போடுவதென்று முடிவெடுக்கச் செய்வதையே செய்தோம். அந்தோனியார் சிலைக்கு முன்னால் இரண்டு சீட்டு. கரையில் எல்லோருக்கும் மூத்த செபஸ்தியம்மா ஒன்றை இழுத்தா. கனடா விழுந்தது.

எங்கள் கரையில் ஒரு ஒழுங்கு உண்டு. சீட்டில் விழாதவனுக்கு அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவன் வலையோடு காத்திருப்பான்.

"இங்கிலாந்துக்காரர் பாவம், காத்திருக்கப் போகினம். எழுது பிள்ளை," என்றான் சிமியோன்.

எழுதினாள். கனடாவுக்குச் சம்மதம், இங்கிலாந்துக்கு மன்னிப்பு. இரண்டும் ஒரே தபால் சாக்கில் போயின.

மன்னிப்பு பதினொரு நாளில் போய்ச் சேர்ந்தது. 'உடனே அறிவித்ததால் உங்கள் இடத்தை இன்னொருவருக்குக் கொடுக்க முடிந்தது. மிக்க நன்றி' என்று மறுமொழி வந்தது. சம்மதம் ஏழு மாதம் கடலில் எங்கே மேய்ந்ததோ. 'தவணைக்குள் உங்கள் பதில் கிடைக்கவில்லை, வருந்துகிறோம்' என்று கனடா எழுதியபோது பெர்னடெட்டுக்கு முப்பது முடிந்து இரண்டு மாதம்.

செபஸ்தியம்மா தலையிலடித்துக்கொண்டு ஓடி வந்தா. "என்ரை கைதானடி மோளே பிழை! மற்றதை இழுத்திருக்கலாமே!"

"ஆச்சி, விசர்க்கதை கதையாதையுங்கோ," என்றேன். "கனடாப் பல்கலைக்கழகம் போன கிழமை பனிக்குள்ளை புதைஞ்சுபோச்சு. இங்கிலாந்திலை மழை, படிப்பு எதுக்கெண்ட கேள்வியே கரைஞ்சுபோச்சாம். மறுமொழி இல்லாமல் வாத்திமாரைக் கப்பலிலை ஏத்தி இஞ்சை அனுப்புறாங்கள்."

"மெய்யேடா?"

"ஓம் ஆச்சி. ரேடியோவிலை சொன்னவங்கள்."

கிழவி மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பிப் போனா. ரேடியோவுக்குப் பற்றரி கண்டு எத்தனை மாதம் என்று அவ கேட்கவில்லை. பெர்னடெட்டும் கேட்கவில்லை. இரண்டு கடிதங்களையும் ஒன்றாக மடித்தாள், பிறகு விரித்தாள், பிறகும் மடித்தாள்.

"இன்னொருக்கால் சொல்லுங்கோ, பெரியப்பு," என்றாள். "கொஞ்சம் மெல்லமாச் சொல்லுங்கோ."

சொன்னேன். மூன்றாம் தரமும் கேட்டாள்.