பயத்தின் கீழே ஒரு கிளிப்

இரண்டாம் வகுப்பு டீச்சர் அந்தப் பலகையை ஆசை ஆசையாகத்தான் செய்தாள். பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்த சூட்டோடு சூடாக, அட்டையில் ஐந்து முகங்கள் வரைந்து, சந்தோஷம், வருத்தம், கோபம், பயம், குழப்பம் என்று எழுதி வகுப்புச் சுவரில் மாட்டினாள். ஆளுக்கு ஒரு துணி கிளிப் வாங்கி, ஒவ்வொன்றிலும் பிள்ளைகளின் பெயரை எழுதினாள். காலையில் வந்ததும் அவரவர் மனசு எப்படி இருக்கிறதோ, அந்த முகத்தின் கீழே கிளிப்பை மாட்ட வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்.

முதல் வாரமே தலை சுற்றிவிட்டது. பசிக்கு எந்த முகம் என்று ஒருத்தி கேட்டாள். எனக்குத் தூக்கம் வருகிறது, அதற்கு முகமே இல்லையே என்று ஒருவன் சண்டைக்கு வந்தான். கோபத்தில் மாட்டியவனைக் கூப்பிட்டு என்னப்பா கோபம் என்று விசாரித்தால், கோபமெல்லாம் இல்லை டீச்சர், அந்த முகத்துக்கு மட்டும் யாருமே கிளிப் மாட்டவில்லை, பாவமாக இருந்தது என்கிறான். சரி, அடியிலிருந்து ஆரம்பிப்போம் என்று ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு பாடம் நடத்தினாள். பயம் வந்தால் வயிற்றைப் பிசையும், கை ஜில்லென்று ஆகிவிடும், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்போம் என்றாள். பிள்ளைகள் தலையாட்டினார்கள். அவர்கள் எதற்குத்தான் தலையாட்டவில்லை?

அந்த வகுப்பில் டீச்சரின் சொந்த மகளும் இருந்தாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். பள்ளிக்கூடத்துக்குள் வந்துவிட்டால் அவளும் மற்றவர்களைப் போல டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். இந்த வாலுவின் கிளிப் ஒரு திங்கட்கிழமை பயத்தின் கீழே தொங்கியது. செவ்வாயும் அங்கேதான். புதனும் அங்கேதான்.

டீச்சர் அந்தக் கிளிப்பையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். காரணம் இல்லாமல் இல்லை. வாலுவின் அப்பா கப்பலில் எஞ்சின் பார்க்கிறவர். மூன்று வாரமாக அவரிடமிருந்து ஒரு சேதியும் கிடையாது. கம்பெனிக்குப் போன் போட்டால், தகவல் வந்ததும் சொல்கிறோம் மேடம் என்று பாடின பாட்டையே பாடுகிறார்கள். இது மகளின் காதுக்குப் போகவே கூடாது என்று டீச்சர் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தாள். ராத்திரி நீ தூங்கின பிறகு அப்பா பேசினார், உன்னைத்தான் கேட்டார் என்று தினமும் தலை பின்னும்போது சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்த நடிப்பில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்றும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பின்னே பிள்ளைக்கு எப்படித் தெரிந்தது? யாராவது போட்டுக்கொடுத்துவிட்டார்களா? இல்லை, இது வேறு ஏதோ பயமா? பெரிய வகுப்புப் பிள்ளைகள் யாராவது மிரட்டுகிறார்களா? வீட்டில் நேரடியாகவே கேட்டுப் பார்த்தாள். எனக்கென்ன பயம் என்று வாலு தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். இருட்டுக்குப் பயம் இல்லை, நாய்க்குப் பயம் இல்லை, பரீட்சைக்கு அறவே பயம் இல்லை. விளையாட்டு நேரத்தில் ஜன்னல் வழியாக ஒளிந்து பார்த்தால், ஊரையே இரண்டாக்குகிற சத்தத்தோடு ஓடிப்பிடித்து விளையாடுகிறாள். வியாழக்கிழமை காலையில் பார்த்தால் கிளிப் மறுபடியும் பயத்தில். யோசித்து யோசித்து டீச்சருக்கு மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை, மற்றவர்களைப் படம் வரைய விட்டுவிட்டு, வாலுவைப் பலகைப் பக்கம் கூப்பிட்டாள். எல்லாப் பிள்ளைகளிடமும் செய்வதைப் போலவே முட்டி போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"உனக்கு எதைப் பாத்தும்மா பயம்?"

"எனக்கு இல்ல டீச்சர். எங்கம்மாவுக்கு."

டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்த அம்மாவைச் சொல்கிறாள் என்று ஒரு கணம் நிஜமாகவே யோசித்தாள்.

"அவங்களுக்குக் கிளிப் இல்லல்ல. அதான் என்னோடதைக் குடுத்துட்டேன்" என்றாள் வாலு. "தலை பின்னும்போது அவங்க கை ஜில்லுன்னு இருக்கு. அப்பா பேசினாரு, அப்பா பேசினாருன்னு அதையே சொல்றாங்க. அதுதான் பயம்னு நீங்கதானே சொன்னீங்க."

அதெல்லாம் ஒன்றுமில்லை, அம்மாவுக்கு என்ன பயம் என்று சொல்லத்தான் டீச்சர் வாயெடுத்தாள். ஆனால் மூன்று வாரமாகக் கட்டிக்காத்த சிரிப்பு வரவில்லை. உண்மையைச் சொன்னால் பிள்ளை தாங்குமா? சொல்லாமல் விட்டால் மட்டும் தாங்குமா? எது சரி என்று அந்தப் பயிற்சி முகாமில் யாரும் சொல்லித்தரவில்லை.

"ஆமா" என்றாள். "அம்மாவுக்கு ரொம்பப் பயமா இருக்கு. அப்பா பேசவே இல்லடா."

மகள் அழுவாள், தன்னைக் கட்டிக்கொள்வாள் என்று கையை விரித்து வைத்திருந்தாள். வாலு அழவில்லை. எக்கி நின்று தன் கிளிப்பைப் பயத்திலிருந்து கழற்றினாள். அதைக் கோபத்தின் கீழே கொண்டுபோய் அழுத்தி மாட்டினாள்.

டீச்சருக்கு மறுபடியும் குழம்பியது. யார் மேல் கோபம் என்று கேட்டாள்.

"உன் மேலதாம்மா. தினமும் என்கிட்ட பொய் சொன்னேல்ல."

சொல்லிவிட்டு அவள் தன் இடத்துக்குப் போகவில்லை. அம்மா என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.