மூன்றாம் பக்கத்தில் ஓர் எழுத்து

மறந்துபோன நாவல்களைத் தேடிப்பிடித்து மறுபதிப்புப் போடுவதுதான் தம்பியின் பதிப்பகத்துக்கு வேலை. மொத்தம் இரண்டு அறை, இரண்டு ஆள். மெய்ப்பு பார்ப்பது அக்கா. பொல்லாத கண் அவளுக்கு. ஒற்றெழுத்து ஒன்று ஓடி ஒளிந்தாலும் காதைப் பிடித்து இழுத்து வந்துவிடுவாள்.

இந்த முறை ஐம்பது வருடத்துக்கு முந்தைய நாவல். பக்கங்கள் தயார். எழுதியவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகனும் போய்விட்டார். மிச்சமிருக்கும் மகள் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் அச்சுக்குப் போகலாம். அந்த அம்மாளோ ஒற்றைக்காலில் நின்றார்.

“மூணாம் பக்கத்துல சமர்ப்பணம் ‘என் மகனுக்கு’ன்னு இருக்குல்ல? அது அச்சுப்பிழைம்மா. ‘மகளுக்கு’ன்னு திருத்துங்க, போடுறேன். நாவல் முழுக்க நான்தான் கையால பிரதி எடுத்தேன், மூணு தடவை. எங்கண்ணன் அட்டையைக்கூடப் புரட்டினதில்ல. அப்பாகிட்ட கேட்டதுக்கு, ‘அச்சுக்கோக்குறவன் தப்பு பண்ணிட்டான்’னாரு.”

“ஒரே ஒரு எழுத்து. மாத்தித் தொலையேன்க்கா,” என்றான் தம்பி.

“செத்தவர் எழுத்துல கைவைக்க நான் யாருடா?”

வாய்தான் அப்படிச் சொன்னது, மனசு கேட்கவில்லை. பிழையாகவே இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அந்தக் காலத்துப் புத்தகங்களில் கடைசித் தாளில் ‘பிழை திருத்தம்’ என்று ஒரு பட்டியல் வரும். இவர்களிடம் இருந்த பிரதியில் அந்தத் தாள் கிழிந்துபோயிருந்தது. தேடிக் கொண்டுவருகிறேன் என்று அந்த அம்மாளிடம் வாக்குக் கொடுத்தாள். அலையாய் அலைந்து ஒரு பழைய நூலகத்தில் முழுப் பிரதியைப் பிடித்து, கடைசித் தாளை நகலெடுத்தாள்.

நாற்பத்தொரு திருத்தங்கள். அடியில் ‘ஆசிரியர்’ என்று போட்டிருந்தது. இரண்டாம் பக்கத்தில் அச்சகத்தின் முகவரி. அடுத்தது ஐந்தாம் பக்கத்தில் ஒரு காற்புள்ளி. மூன்றாம் பக்கம் இல்லவே இல்லை.

“கிடைக்கலன்னு சொல்லிடு,” என்றான் தம்பி.

வழியெல்லாம் அவளும் அதைத்தான் ஒத்திகை பார்த்தாள். ஆனால் கதவைத் திறந்த அம்மாள் முகத்தைப் பார்க்கவில்லை, நேரே கையைத்தான் பார்த்தார். அந்த ஆசையின் முன்னால் பொய் வாய்க்கு வரவில்லை. தாளை நீட்டினாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தார் அந்த அம்மாள். மறுபடியும் மேலே போனார்.

“கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்திருக்காரு.”

“அவசரத்துல விட்டுப்போயிருக்கும்மா,” என்று மென்று விழுங்கினாள் அக்கா.

“அவரா? காற்புள்ளியைக்கூட விடலையே.”

பேனாவை வாங்கி, கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அக்காவுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை.

“மகனுக்குன்னே போடுங்க,” என்றார் அந்த அம்மாள். “அந்த அச்சுக்கோக்குறவரைத்தான் அம்பது வருஷமா வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். பாவம், அவர் ஒழுங்காத்தான் கோத்திருக்காரு.”